பங்கு வேறு, வீடு வேறு: செட்டிநாட்டில் குடியேற நினைக்கும் வாசகிக்கு

சென்னைப் புறநகரில் இருபத்தாறு ஆண்டுகளாக வாடகை வீடுகளில் வாழ்ந்துவரும் ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். கணவர் தனியார் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஆசிரியையான இவருக்கு வரும் மே மாதத்தோடு பணி முடிகிறது. இப்போது கொடுக்கும் வாடகை 19,000 ரூபாய். பணி முடிந்த பிறகு இருவருக்குமாக மாதம் 27,000 ரூபாய்தான் வரும். சேமிப்பு 30 லட்சம். ஒரே மகள் பெங்களூரில் இருக்கிறாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தோழி வீட்டுத் திருமணத்துக்காகக் கானாடுகாத்தானில் மூன்று நாள் தங்கியவர்கள், அகன்ற தெருக்களையும் ஊரணிக்கரை அமைதியையும் மறக்க முடியாமல், மீதி நாட்களை அந்தப் பக்கத்திலேயே கழிப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

தரகர் ஒருவர் மூன்று வழிகளைக் காட்டியிருக்கிறார். காரைக்குடியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளிய ஒரு சிற்றூரில், பழைய நகரத்தார் வீட்டின் ஆறில் ஒரு பங்கு 14 லட்சத்துக்கு வருகிறது. பங்குக்காரர் மலேசியாவில் இருக்கிறார். விற்பதற்கான பவர் (அதிகாரப் பத்திரம்) தரகரிடமே இருக்கிறது. “மற்ற ஐந்து பேரும் வெளியூரில் இருக்கிறார்கள், யாரும் வரமாட்டார்கள், வீடு முழுவதையும் நீங்களே புழங்கிக்கொள்ளலாம்” என்று அவர் சொல்லியிருக்கிறார். இரண்டாவது, ஊர் எல்லையில் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ பெற்ற 5 சென்ட் மனை, விலை 6.5 லட்சம். மூன்றாவது, இன்னொரு பழைய வீட்டின் முன்பகுதி, 6 லட்சம் ரூபாய்க்கு மூன்று வருட ஒத்தி. வாசகியின் மனம் முதல் வழியில் நிற்கிறது. 25,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டால் அது நமக்கே உரிமையாகிவிடும் என்கிறார்களே, அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு இங்கே பதில் எழுதுகிறேன்.

அம்மா, உங்கள் விருப்பத்தில் குறை காண எதுவும் இல்லை. வருமானத்தில் பெரும்பகுதியை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, மருந்துக்கும் மளிகைக்கும் சேமிப்பை உடைத்துக்கொண்டு சென்னையிலேயே இருப்பதைவிட, காரைக்குடிக்குச் சுற்றுப்புறத்தில் குடியேறுவது உங்கள் நிலையில் நல்ல யோசனைதான். ஆனால், இந்த வட்டாரத்துச் சிவில் வழக்குகளோடு பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லியாக வேண்டும். நீங்கள் 14 லட்சம் கொடுத்து வாங்கப் போவது, குடியிருக்கும் உரிமை சேர்ந்து வராத ஒரு பங்கு.

ஆறில் ஒரு பங்கு என்றால் எந்த அறை?

செட்டிநாட்டு வீட்டுக்குள் நீங்கள் போயிருக்கிறீர்கள். முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம். முற்றத்தைச் சுற்றித் தூண்கள். தூண்களுக்குப் பின்னால் வரிசையாகக் கதவுகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்று ஒதுக்கிக் கட்டிய வீடுகள் அவை. இரண்டு தலைமுறை கடந்த ஒரு வீட்டின் வளவில் நீதிமன்றம் நியமித்த ஆணையருடன் நான் ஒருமுறை நின்றிருக்கிறேன். எட்டுக் கதவுகளில் எட்டுப் பூட்டுகள் தொங்கின. பித்தளைப் பூட்டு ஒன்றில் சாவித் துவாரம் பச்சை பூத்து அடைத்திருந்தது. அடுத்த கதவில் போன வாரம் வாங்கியதுபோல் ஒரு புதிய பூட்டு மின்னியது. முற்றமும் கிணறும் நடையும் எட்டுப் பேருக்கும் பொது. ஆள் இல்லாத வீடுதான், ஆனால் எந்தக் கதவும் உரிமையாளர் இல்லாத கதவல்ல.

பாகப்பிரிவினை ஆகாத வீட்டில் ஒருவருடைய பங்கு என்பது வீட்டின் ஒவ்வொரு செங்கல்லிலும் ஆறில் ஒன்று; அது எந்த அறை என்று யாரும் சுட்டிக்காட்ட முடியாது. தன் பங்கை விற்க அவருக்கு உரிமை உண்டு, நீங்கள் வாங்கவும் தடையில்லை. ஆனால் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 44-ஆவது பிரிவில் ஒரு கட்டுப்பாட்டை வைத்திருக்கிறது. பிரிக்கப்படாத குடும்பத்துக்குச் சொந்தமான குடியிருப்பு வீட்டின் பங்கைக் குடும்பத்தைச் சேராத ஒருவர் வாங்கினால், மற்றவர்களோடு சேர்ந்து அந்த வீட்டில் குடியிருக்கவோ, அதன் ஒரு பகுதியை அனுபவிக்கவோ அந்தப் பிரிவு அவருக்கு உரிமை தருவதில்லை. பங்காளிகள் தனித்தனி ஊரில் தனித்தனியாகச் சமைத்து வாழ்ந்தாலும், வீடு பிரிக்கப்படாமல் இருந்தால் இந்தக் கட்டுப்பாடு பொருந்தும். உங்களுக்கு மிஞ்சுவது பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போடும் உரிமை மட்டும்.

அப்படி வழக்குப் போட்டால் 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு குறுக்கே வருகிறது. குடும்பத்தைச் சேர்ந்த பங்குதாரர் ஒருவர், “வெளியாருடைய பங்கை நானே வாங்கிக்கொள்கிறேன்” என்று நீதிமன்றத்தில் முன்வந்தால், நீதிமன்றம் விலை மதிப்பிட்டு உங்கள் பங்கை அவருக்கே விற்கச் செய்யும். மூதாதையர் வாழ்ந்த வீட்டுக்குள் அறிமுகமில்லாதவர் நுழைவதால் வரும் சச்சரவைத் தவிர்ப்பதற்காகவே இந்த ஏற்பாடு. அதில் நியாயமும் இருக்கிறது. உங்கள் பக்கமிருந்து பார்த்தால், பல ஆண்டுகள் வழக்கு நடத்திய பிறகு பணம் திரும்பும், வீடு கிடைக்காது. பங்குக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 14 லட்சத்துக்கு 1,26,000 ரூபாய் செலவாகியிருக்கும், அது திரும்பாது.

யாரும் வரமாட்டார்கள் என்ற தரகரின் பேச்சையும் நம்பிவிடாதீர்கள். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு, ஒரு கல்யாணத்துக்கோ அறுபதாம் கல்யாணத்துக்கோ, சிங்கப்பூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் நாற்பது பேர் வந்து இறங்குவார்கள். வளவில் பந்திப்பாய் விரியும், முகப்பில் கோலம் விழும். அந்த நாளுக்காகத்தான் அவர்கள் வீட்டை விற்காமல் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு நீங்கள் அங்கே யார் என்ற கேள்வி எழும். அதற்கு உங்கள் கையிலிருக்கும் பத்திரம் போதுமான பதிலாக இராது.

எல்லாப் பங்குதாரர்களும் சேர்ந்து கையெழுத்திட்டு முழு வீட்டையும் விற்றாலோ, ஏற்கெனவே பதிவான பாகப்பிரிவினையில் நான்கு எல்லை குறித்துத் தனியாக ஒதுக்கப்பட்ட பகுதி விலைக்கு வந்தாலோ மட்டும் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

பவரும் பெண்மக்களின் உரிமையும்

தரகர் காட்டும் பவரை நேரில் வாங்கிப் பாருங்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முறைப்படி முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் காலமாகிவிட்டால் சாதாரணப் பவர் அன்றே முடிந்துபோகும். ஆகவே அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான ஆயுள் சான்றைக் கேளுங்கள். பவர் பத்திரமே சொத்தை மாற்றிக் கொடுக்காது என்பதை உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டிலேயே தெளிவாக்கிவிட்டது. முடிந்தால் மலேசியாவில் இருப்பவரோடு வீடியோ அழைப்பில் நீங்களே பேசி, விலையையும் அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தரகர் சொல்லும் விலையும் உரிமையாளர் சொல்லும் விலையும் ஒன்றாக இல்லாத சந்தர்ப்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

“பெண்களுக்குச் சீர் செய்து அனுப்பியாகிவிட்டது, அவர்கள் கையெழுத்து தேவையில்லை” என்று தரகர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சீர் கொடுத்ததால் சொத்துரிமை போய்விடாது. 1989 மார்ச் 25 அன்று மணமாகாதிருந்த மகள்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது; 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் மணமானவர்களுக்கும் அதை விரித்தது; அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அந்த ஆறு பங்கு என்ற கணக்கே சரிதானா என்பது சந்தேகம். சகோதரிகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ பாகம் பிரிந்திருந்தால் 2005 திருத்தம் அதைத் தொடாது.

வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை என்று நிம்மதியடைந்திருக்கிறீர்கள். வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். பாகம் பிரித்து வீட்டுக்குள் எழுதி வைத்துக்கொண்ட கூர்ச்சீட்டோ, உயிலில்லாமல் இறந்தவருடைய வாரிசுகளோ அதில் வரமாட்டார்கள். பட்டாவும் வருவாய்த்துறைப் பதிவே தவிர, அதுமட்டும் உரிமைப் பத்திரமாகிவிடாது. மூலப்பத்திரத்திலிருந்து தொடங்கி வாரிசுச் சான்றுகள் வரை வரிசையாகப் படித்துப் பார்க்காமல் எந்த வழக்கறிஞரும் உங்களுக்குச் ‘சரி’ என்று சொல்லக்கூடாது.

மனையைப் பற்றி

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது; அதை நகர் ஊரமைப்பு இயக்ககம் தர வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்கு உயர் நீதிமன்றம் 2016-இல் தடை போட்டதும், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு விதிகள் கொண்டுவந்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். “பத்திரத்தில் புஞ்சை என்றுதான் வரும், வீடு கட்டுவதை யாரும் கேட்கமாட்டார்கள்” என்று தரகர் சொன்ன அந்த ஒரு வரியே இந்த மனையைக் கைவிடப் போதுமான காரணம். பெண்கள் பெயரில் 10 லட்சத்துக்குள் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு என்பது உண்மை. 6.5 லட்சத்துக்கு அது 6,500 ரூபாய். அதற்காக அவசரப்பட வேண்டாம்.

ஒத்தியா, வாடகையா?

மூன்று வழிகளில் உங்களுக்கு நெருக்கமானது இதுதான், சில நிபந்தனைகளோடு. ஒத்தி என்பது சட்டத்தின் கண்ணில் அனுபவ அடமானம். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை. கெடு முடிந்ததும் பணம் உங்களுக்கு, வீடு அவர்களுக்கு. நம் ஊர்களில் இதை முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிகளோடு முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அங்கேதான் ஆபத்து இருக்கிறது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி எதுவானாலும் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு செய்யாவிட்டால் உங்கள் 6 லட்சத்துக்கு வீட்டின் மீது பிடிமானம் இருக்காது. அது வெறும் கைமாற்றுக் கடனாக நின்றுவிடும், அதைக் கேட்டு வழக்குப் போடும் காலமும் மூன்றே ஆண்டுகள். பதிவான ஒத்தியென்றால் பணம் திரும்பி வரும்வரை வீட்டை உங்கள் அனுபவத்திலேயே வைத்துக்கொள்ள உரிமை உண்டு. செலவுக்குப் பயந்து பதிவைத் தவிர்க்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். இந்த வீட்டுக்கும் பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் மட்டும் எழுதிக் கொடுக்கும் ஒத்தி அவருடைய பங்கை மட்டுமே கட்டுப்படுத்தும். எல்லோரும் கையெழுத்திட வேண்டும், அல்லது எல்லோரும் ஒருவருக்குப் பதிவு செய்த அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும்.

ஆனாலும் சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்கை, இன்னும் ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் பார்க்காத ஊரில் முடக்க வேண்டுமா என்று எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஓராண்டுக்கு வாடகைக்கு இருந்து பாருங்கள் என்பதே என் ஆலோசனை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம். அதனால்தான் எல்லோரும் பதினொரு மாத ஒப்பந்தம் எழுதுகிறார்கள். முதல் ஆண்டுக்கு நீங்களும் அப்படி எழுதலாம்; நகர்ப்புற எல்லைக்குள் இருக்கும் வீடென்றால் அந்த ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஊர் பிடித்துப்போய் அங்கேயே நிலைப்பது என்று முடிவானால், மூன்று ஆண்டுக்குப் பதிவு செய்த குத்தகையாக எழுதிக்கொள்ளுங்கள்; உரிமையாளர் நினைத்த மாதத்தில் காலி செய்யச் சொல்ல முடியாது.

ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்களை விட்டுவிடாதீர்கள். ஓடு மாற்றுவதும் ஒழுகல் அடைப்பதும் உரிமையாளர் பொறுப்பு என்று வெளிப்படையாக எழுத வேண்டும். அப்படி எழுதியிருந்தால், அறிவிப்புக் கொடுத்தும் அவர் செய்யாதபோது நீங்களே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. எழுதாமல் விட்டால் தகராறுக்கு இடமாகும். அடுத்து, குடும்ப விசேஷங்களுக்கு வீட்டை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளும் நாட்கள். ஆண்டுக்கு எத்தனை நாள், எத்தனை நாள் முன்னதாகத் தகவல், எந்த அறைகள் உங்களுடையதாகவே இருக்கும் என்று எழுதிவிடுங்கள். அதைக் கேட்பதை மரியாதைக் குறைவாக அவர்கள் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். தங்கள் வீட்டின் வழக்கம் தெரிந்தவர் என்று உங்கள் மீது மதிப்புதான் கூடும்.

மாளிகை இல்லாமலும் செட்டிநாடு உண்டு

ஒரு விஷயத்தை நீங்கள் யோசிக்கவில்லை என்று தோன்றுகிறது. அறுபதை நெருங்கும் இருவர், வளவைப் பெருக்கவே காலைப்பொழுது முழுவதும் போகும் ஒரு வீட்டை எப்படிப் பராமரிப்பீர்கள்? நாட்டு ஓடு சரிந்து ஓரிடத்தில் ஒழுகினால் கீழே உள்ள மரம் ஊறும். ஊறிய மரத்துக்குக் கரையான் வரும். எந்தப் பழைய வீட்டைப் பார்க்கப் போனாலும், உத்தரம் சுவரில் ஏறி உட்காரும் முனையில் டார்ச் அடித்துப் பாருங்கள். பென்சில் தடிமனில் மண்கோடு ஒன்று மேலே ஏறினால் அந்த வீடு வேண்டாம். பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் பார்க்க அழகுதான், ஆனால் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் காத்திருக்க வேண்டும், கூலியும் சாதாரண வேலையைப்போல் இராது.

அதே ஊர்களில், பெரிய வீட்டுத் தெருக்களுக்கு அடுத்த தெருவிலேயே, திண்ணையும் கிணறும் வேப்பமரமும் உள்ள எளிய ஓட்டு வீடுகள் இருக்கின்றன. ஊரணி எல்லோருக்கும் ஒன்றுதான். பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர், புதுவயல் பக்கங்களில் தேடினால் காரைக்குடி அருகிலேயே இருக்கும். அரசு மருத்துவமனை, சந்தை, சென்னைக்குப் பல்லவன் ரயில் எல்லாம் கைக்கெட்டும். உள்ளே தள்ளிப் போகப் போக வாடகை குறையும். ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் பேருந்து இருக்குமா என்பதைத் தெருவில் இருப்பவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கணவருக்கு இருதயச் சிகிச்சை நடந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பெரிய சிகிச்சைக்கு மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். இரண்டும் ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். ஆகவே பதினைந்து கிலோமீட்டர் உள்ளே போவதை நான் விரும்பமாட்டேன். குடிநீரைப் பொறுத்தவரை குழாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, கிணற்று நீர் உப்பா, சித்திரையில் வற்றுமா என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டில் கேட்பது நல்லது.

பன்னிரண்டு வருடக் கேள்விக்கு வருகிறேன். வாடகைக்கோ ஒத்திக்கோ உரிமையாளர் அனுமதியோடு குடியிருப்பவருக்கு எத்தனை ஆண்டு கடந்தாலும் அனுபவப் பாத்தியம் வராது. உரிமையாளருக்கு எதிராக, அவர் அறியும்படி வெளிப்படையாக அனுபவித்தால்தான் அந்தப் பேச்சுக்கே இடமுண்டு. நீங்கள் அப்படி ஒரு எண்ணத்தோடு கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கேள்வியை வீட்டுக்காரர் காதில் விழும்படி ஒருபோதும் கேட்காதீர்கள். பூட்டிக் கிடக்கும் எத்தனையோ வீடுகள் வாடகைக்கு வராமல் இருப்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

கடைசியாக, கொடுத்துவிட்ட 25,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தமும் பதிவு செய்யப்பட வேண்டியது. உங்களிடம் இருப்பது தரகர் கையெழுத்திட்ட வெள்ளைத்தாள் ரசீது. அதனால் கிரயத்தை முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. முழு வீட்டையும் புழங்கலாம் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார் என்பதைக் குறிப்பிட்டு, மூலப்பத்திரம், பவர், ஆயுள் சான்று, வாரிசு விவரம், மற்ற பங்குதாரர்களின் சம்மதக் கடிதம் ஆகியவற்றைப் பதினைந்து நாளுக்குள் தர வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். ரசீதின் நகலை இணைத்து, அசலை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன பதில் தந்தாலும் மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல், ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை பெய்யும்போது இருவரும் வந்து ஒரு வாரம் தங்கி, பிடித்த வீட்டின் கூரைக்கு அடியில் நின்று பாருங்கள்.